தேர்ச்சி விகிதத்தின் கீழே இருக்கும் எண்

பிளஸ் டூ முடிவு வெளியான அன்று மாலைக்குள் ஊரில் உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு சதவீதம் ஒட்டிக்கொண்டுவிடும். டீக்கடையில் அதுதான் பேச்சு. 2025 மே மாதம் தமிழ்நாட்டின் மொத்தத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் 91.94, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 98.88. இடையில் ஏழு புள்ளி. அந்த ஏழு புள்ளியைப் பார்த்துத்தான் பல வீடுகளில் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியாரில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய முடிவுக்கு முன் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு எளியது. தேறியவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கினால் தேர்ச்சி. எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறி 35 தொட்டவரும் 600-க்கு 590 வாங்கியவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நாம் எப்போதும் மேலே இருக்கும் எண்ணை, அதாவது எத்தனை பேர் தேறினார்கள் என்பதை மட்டும் பார்க்கிறோம். சங்கதி கீழே இருக்கிறது. எழுதியவர்கள் யார்? எழுதாமல் போனவர்கள் யார்?

இரண்டு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் பிளஸ் ஒன்னில் நூறு பேர் சேர்ந்தார்கள். முதல் பள்ளியில் இரண்டு ஆண்டுக்குள் இருபது பேர் நின்றுவிட்டார்கள். எழுதியது 80 பேர், தேறியது 76. ஃபிளெக்ஸில் 95 சதவீதம். இரண்டாவது பள்ளியில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். எழுதியது 97 பேர், தேறியது 90. அதாவது 92.8 சதவீதம். சேர்ந்த நூறில் தொண்ணூறு பேரைக் கரையேற்றிய பள்ளி, எழுபத்தாறு பேரைக் கரையேற்றிய பள்ளியைவிடக் கீழே நிற்கிறது. வயலுக்கும் வேலைக்கும் போய்விட்ட பையனைத் தேடிப்பிடித்துத் தேர்வறையில் உட்காரவைத்த தலைமையாசிரியருக்கு, அந்தப் பையன் ஒரு பாடத்தில் தவறினால் கிடைப்பது மேலதிகாரியின் கேள்வி. அவன் வராமலே இருந்திருந்தால் கேள்வி வந்திருக்காது. இந்தக் கணக்கின் மிகப்பெரிய அநியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, உள்ளே வருபவர்கள் யார் என்பது. பல தனியார் பள்ளிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பிளஸ் ஒன்னில் இடம் தருகின்றன. சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்லப் படிக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், பத்தாம் வகுப்பு முடிவில் கறை விழக்கூடாது என்று. அந்த டி.சி.யோடு பிள்ளை எங்கே போகும்? பக்கத்து அரசுப் பள்ளிக்குத்தான். அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. அங்கே வகுப்பில் இருப்பது கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் மகள், ஆறு மாதம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்வரும் பையன், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. டியூஷனும் கிடையாது.

ஆண், பெண் கணக்கையும் பாருங்கள். 2025 பிளஸ் டூவில் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. ஏறக்குறைய மூன்றரைப் புள்ளி வித்தியாசம். மாணவிகள் முந்துவது பல ஆண்டுகளாக மாறாத வழக்கம். பையன்கள் விளையாட்டுப் புத்திக்காரர்கள் என்று இதைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் முகூர்த்த நாளில் பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. கேட்டரிங், பந்தல், பெயின்ட் அடிப்பது, மூட்டை தூக்குவது என்று பதினேழு வயதுப் பையனுக்கு ஊரில் வேலை காத்திருக்கிறது, அன்றைக்கே கையில் காசு. ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு நாள் பாடம் போகிறது. பெண்பிள்ளைகளுக்கு வரும் தடை வேறு விதம். அவர்களுக்கு ஒரு நாள் இரண்டு நாள் விடுப்பில் முடிவதில்லை, கல்யாணம் என்று படிப்பே மொத்தமாக நின்றுவிடுகிறது. அப்படி நின்றவள் தேர்ச்சி விகிதத்தில் எங்கும் தெரிவதில்லை, ஏனென்றால் அவள் தேர்வே எழுதவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியது. ‘அ’ என்ற பள்ளியில் நூறு பேர் எழுதினார்கள். அவர்களில் 20 பேர் வீட்டின் முதல் தலைமுறைப் படிப்பாளிகள், அதில் 18 பேர் தேறினார்கள். மற்ற 80 பேரில் 78 பேர் தேறினார்கள். மொத்தம் 96 சதவீதம். ‘ஆ’ என்ற பள்ளியிலும் நூறு பேர்தான். அங்கே 80 பேர் முதல் தலைமுறை, அதில் 73 பேர் தேறினார்கள். மற்ற 20 பேரும் தேறினார்கள். மொத்தம் 93. மூன்று புள்ளி குறைவு. இப்போது பிரித்துப் பாருங்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகளில் ‘அ’ பள்ளி 90 சதவீதம், ‘ஆ’ 91-க்கும் மேல். மற்றவர்களில் ‘அ’ 97.5, ‘ஆ’ நூறு. இரண்டு வகையிலும் ‘ஆ’ பள்ளிதான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மொத்தமாகக் கூட்டியதும் தோற்றுப்போகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. வகுப்பில் யார் எத்தனை பேர் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

சிறிய பள்ளிகளுக்கு இது இன்னும் கொடுமை. மலைக்கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டு பேர் எழுதி ஒருவர் தவறினால் எட்டுப் புள்ளி சரிந்துவிடும்.

அப்படியானால் வீட்டு நிலைமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? இல்லை. 2025 பிளஸ் டூவில் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் அரியலூர், 98.82 சதவீதம். அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் முதலிடம் சிவகங்கை, 98.31. ஒன்று சுண்ணாம்புக்கல் சுரங்கமும் முந்திரிக்காடுமாக இருக்கும் பகுதி, மற்றது மழை பார்த்து விதைக்கும் வறண்ட பூமி. பணக்கார மாவட்டம் என்று இரண்டையும் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் பிள்ளைகளின் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்தபின், 2019-20 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்கள் ஆறு பேர்தான். ஓய்வுபெற்ற நீதிபதி பொ.கலையரசன் தலைமையிலான குழு, அரசுப் பள்ளி மாணவர்களும் மற்றவர்களும் வளரும் சூழலில் உள்ள இடைவெளியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நீட்டிலும் தேறியிருக்க வேண்டும். அந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஓர் ஆண்டில் அந்தப் பள்ளிகளின் கட்டடமோ ஆசிரியரோ மாறிவிடவில்லை. யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது மாறியது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் எண்ணை நீங்களே படித்துப் பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் விகிதத்தைக் கேட்காதீர்கள், இரண்டு பட்டியலைக் கேளுங்கள்: இரண்டு ஆண்டுக்கு முன் பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள், இந்த மார்ச்சில் எழுதியவர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விட்டுப்போன பெயர்கள் தெரியும். எழுதியவர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால், 220 வாங்கி உள்ளே வந்த பிள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரியும். ஒரு பள்ளி தன் பிள்ளைக்கு என்ன செய்தது என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தவறியவர்களின் பெயரையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். துணைத்தேர்வு ஜூன், ஜூலையிலேயே நடந்துவிடும். அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேர வழி உண்டு. விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான், படித்த பள்ளியிலேயே பதிந்துகொள்ளலாம். அதில் எத்தனை பேர் தேறினாலும் மே மாதத்து விகிதம் மாறாது, ஃபிளெக்ஸிலும் ஏறாது. ஆனாலும் முடிவு வந்த வாரத்திலேயே அந்த வீடுகளுக்கு யாராவது போய்த் தேதியைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.