ஜாக்சன் துரை, ஜெய்ப்பூர் குதிரைகள், நம்ம ம.பொ.சி.!

கனகம்மாசத்திரம் பக்கம் பள்ளி ஆண்டுவிழா என்றால் ஒரு கட்டபொம்மன் இல்லாமல் இருக்காது. கண்மையில் வரைந்த மீசை வியர்வையில் வழிய, அட்டைக்கத்தியும் ஜிகினா ஒட்டின கிரீடமுமாக ஒரு பொடியன் மேடையேறி, எட்டாத மைக்கை எக்கிப் பிடித்துக்கொண்டு ஜாக்சன் துரையை வெளுத்து வாங்குவான். விசில் பறக்கும். அவன் அப்பாவும் தாத்தாவும் அதே வயதில் பேசிய வசனம் அது. சினிமா வசனம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முதலில் அது முழங்கியது நாடக மேடையில்! அந்த நாடகம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமான கதை இருக்கிறதே, கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். நம்ம திருத்தணிக்கு அதில் ஒரு சொந்தமும் இருக்கிறது.

திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் கம்பளத்தார் கூத்து. கட்டபொம்மன் கதை. வேடிக்கை பார்க்கப் போன சின்னப் பையன் கணேசனை வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒருவனாக நிறுத்திவிட்டார்கள். ஆமாம், நம்ம சிவாஜி முதலில் நின்றது கும்பினிக்காரன் பக்கம்! அந்த மயக்கம் தீரவே இல்லை. பல வருஷம் கழித்து சக்தி டி.கே.கிருஷ்ணசாமியோடு திருநெல்வேலிப் பக்கம் போகும்போது வழியில் கயத்தாறு வருகிறது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண். நெஞ்சில் கிடந்த ஆசையை சிவாஜி சொல்ல, கிருஷ்ணசாமி பேனாவைத் திறந்துவிட்டார். 1957 ஆகஸ்ட் 28, சேலத்தில் அரங்கேற்றம். அப்புறம் ஊர் ஊராக நூறு தடவைக்கு மேல். வசூலில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக்காரியங்களுக்கும் போனது. அடிவயிற்றிலிருந்து முழங்கி முழங்கி, மேடையிலேயே ரத்தம் கக்கியிருக்கிறார் என்று சொல்வார்கள்.

நாடகத்தைப் பார்த்தார் பி.ஆர்.பந்துலு. படமாக எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பத்மினி பிக்சர்ஸ் அவருடைய கம்பெனி, துணிச்சலும் அவருடையதே. தமிழ்ப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கேவா கலரில் எடுத்து லண்டனுக்கு அனுப்பி, டெக்னிகலர் பிரதி போட்டு வாங்கினார். தமிழில் முதல் டெக்னிகலர் படம் இதுதான். மேடையில் போர் என்றால் பத்துப்பேர் கத்தியைத் தட்டிக்கொள்ளலாம், திரைக்குப் பின்னால் மத்தளம் அதிரலாம். பந்துலுவுக்கு அது போதுமா? படையோடு ஜெய்ப்பூருக்குப் போய்விட்டார்! பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்களத்தில் புழுதி கிளப்புவது ராஜஸ்தானத்துக் குதிரைகள். அடுத்த முறை டி.வி.யில் போடும்போது குதிரைகளை மட்டும் பாருங்கள், சிலிர்க்கும்.

கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் வேஷத்துக்கும் ஒரு கதை. முதலில் கேட்டது எஸ்.எஸ்.ராஜேந்திரனை. அவரோ கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'க்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதுவும் வெள்ளையனை எதிர்த்த கதைதான், மருது சகோதரர்களுடையது. வாக்குத் தவறவில்லை அவர். ஜெமினி கணேசன் வந்தார், பத்மினி வெள்ளையம்மாள் ஆனார், நமக்கு ஒரு பொன்னான ஜோடி கிடைத்தது. இரண்டு படமும் 1959 மே மாதமே வெளியாயின. எப்பேர்ப்பட்ட மே மாதம்!

இப்போது நம்ம ஊர்ச் சொந்தத்துக்கு வருகிறேன். நாடகமாக இருக்கும்வரை உணர்ச்சி போதும். படமென்றால் சரித்திரம் கேள்வி கேட்கும். அந்தச் சரித்திரப் பொறுப்பைச் சுமந்த குழுவுக்குத் தலைவர் சிலம்புச்செல்வர் ம.பொ.சிவஞானம். கட்டபொம்மனைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் யார்? மங்கலங்கிழாரோடு சேர்ந்து வடக்கெல்லைப் போராட்டம் நடத்தி, ஜெயிலுக்கும் போய், தணிகை மலையைத் தமிழ்நாட்டுக்கு மீட்டுத் தந்த அதே ம.பொ.சி.! 1959 மே 16-ல் இங்கே படம் வெளியானபோது திருத்தணி இன்னும் ஆந்திரக் கணக்கில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ல் நம்மிடம் வந்தது. ஒரே மனிதர், ஒரு கையில் பாஞ்சாலங்குறிச்சி, மறுகையில் திருத்தணி. எல்லைக்கு அந்தப் பக்கத்தாருக்கும் குறை வைக்கவில்லை: படம் தெலுங்கிலும் பேசியது. கட்டபொம்மன் வம்சத்து வீட்டுமொழியும் தெலுங்குதானே! தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் நம்ம பக்கத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான வீரன் உண்டா?

படத்தில் மேடை வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாடை வேண்டும். பந்துலு குதிரையைச் சேர்த்தார், வண்ணத்தைச் சேர்த்தார், ஜி.ராமநாதன் இசையைச் சேர்த்தார்; நாடகத்தின் உயிரில் மட்டும் கத்தரி வைக்கவில்லை. காமிரா அருகில் வந்துவிட்டதே, குரலைக் குறைப்போம் என்று யாராவது அன்று புத்திசாலித்தனம் செய்திருந்தால், நம்ம பிள்ளைகள் மேடையேறிப் பேச என்ன மிஞ்சியிருக்கும்? அந்தக் குரல் 1960-ல் கெய்ரோவரை போனது. ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் சிவாஜி, சிறந்த இசை ஜி.ராமநாதன்!

2015 ஆகஸ்டில் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். பழசோ புதுசோ, எந்தப் பிரதி கையில் கிடைத்தாலும் ஒன்று செய்யுங்கள். ஜாக்சன் காட்சியில் எல்லோரும் சிவாஜியைத்தான் பார்ப்போம். ஒரே ஒரு தடவை கண்ணைத் திருப்பி, ஜாக்சனாக வரும் சி.ஆர்.பார்த்திபனைப் பாருங்கள். துரைமார் தமிழை நாக்கில் உருட்டிக்கொண்டு, எதிரே இடி இடிக்கும்போது விறைப்பு குலையாமல் நிற்கிறார் பாருங்கள், அந்த மனிதர் தாங்கிப் பிடித்ததால்தான் அந்த இடி அப்படி விழுந்தது!