முழங்கை நரம்பைத் தேடிய ஸ்கேன்

முழங்கை கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று ஏறுமே, ஏன் தெரியுமா நேயர்களே? அந்த இடத்தில் ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் அதுவும் ஒன்று.

தொழுநோயால் நரம்பு தடித்திருக்கிறதா என்று வைத்தியர்கள் காலங்காலமாக விரலால் தடவித்தான் பார்த்தார்கள். இந்தியாவின் ஹைதராபாத்தில் ஒரு மருத்துவக் குழு, நோயாளிகளின் முழங்கையில் ஸ்கேன் கருவியை வைத்தது. ஆமாம், வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே வகை ஸ்கேன்தான்! ஊசியில்லை, வலியில்லை. கையால் தடவிச் சரியாகக் கணிக்க முடியாத வீக்கத்தை அது அளந்து காட்டியது. அழற்சி கண்ட நரம்புக்குள் இரத்தம் கூடுதலாக ஓடுவதும் திரையில் தெரிந்தது. 2009இல் இந்த முடிவுகள் வெளியாகின. எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி.

வலப்பனை, ராகலைப் பக்கம் கொழுந்து பறிக்கிற அக்காமாரே, விரல் மரத்துப்போனால் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். தொழுநோய் என்றாலும் பயம் வேண்டாம். அதற்கான மருந்து அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது.