லென்ஸ் கேமராவில் மாட்டிடுச்சு... ஆனா வேலை செய்யுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

"கேமரா கேனான். லென்ஸ் பெட்டியிலும் கேனானுக்குன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் ஏன் மாட்ட மாட்டேங்குது?" செகண்ட் ஹேண்டில் சிக்மா, டாம்ரான் லென்ஸ் வாங்கிய பலருக்கும் வரும் சந்தேகம் இது. கல்யாண ஆர்டரை நம்பி லென்ஸ் வாங்குபவருக்கு இந்தத் தவறு நடந்தால் பணமும் போச்சு, வேலையும் போச்சு. எப்படி சரிபார்ப்பது? பார்க்கலாம்.

பிராண்டு பெயர் மட்டும் போதுமா?

போதாது. மவுன்ட் பெயர் தெரிய வேண்டும். லென்ஸைக் கேமராவில் பூட்டும் உலோக வளையம்தான் மவுன்ட். கேனானின் இஎஃப் மவுன்ட் 1987-ல் வந்தது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் மவுன்ட் 2018-ல் வந்தது. நிக்கானில் 1959 முதல் எஃப் மவுன்ட், 2018 முதல் இசட் மவுன்ட். சிக்மா, டாம்ரான் நிறுவனங்கள் ஒரே லென்ஸைப் பல மவுன்ட்களில் விற்கின்றன. பெயர் ஒன்றுதான், பின்பக்கம் வேறு!

அடாப்டர் போட்டால் சரியாகிவிடுமா?

பழைய லென்ஸை புது கேமராவில் மாட்ட அடாப்டர் உதவும். மவுன்ட்டில் இருந்து சென்சார் வரை உள்ள தூரம் இஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ., ஆர்எஃப் மவுன்ட்டில் 20 மி.மீ. நடுவில் உள்ள 24 மி.மீ. இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். ஆனால், ஆர்எஃப் லென்ஸை பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் மாட்ட வழியில்லை.

மாட்டியாச்சு, ஓரமெல்லாம் ஏன் கறுப்பா வருது?

கேனானின் சொந்த இஎஃப்-எஸ் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. அதில் சிவப்புப் புள்ளிக்குப் பதில் வெள்ளைச் சதுரம் இருக்கும். ஆனால், சிறிய சென்சாருக்காகச் செய்த சிக்மா 'டிசி', டாம்ரான் 'டிஐ டூ' லென்ஸ்கள் சாதாரண இஎஃப் மவுன்ட்டிலேயே வருகின்றன. அதனால் ஃபுல் ஃபிரேம் கேமராவிலும் சுலபமாக மாட்டிவிடும். படத்தின் மூலைகள்தான் இருண்டுவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சிக்மாவில் 'டிஜி', டாம்ரானில் வெறும் 'டிஐ' என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸ் ஏன் வரவில்லை?

நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை இதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஃபர்ம்வேர். புதிய கேமராவுடன் பழைய லென்ஸ் சரியாகப் பேசாமல் போகலாம். லென்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் கேமரா மாடலைத் தேடி, அப்டேட் இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

* சொந்த கேமராவைக் கையோடு கொண்டு போக வேண்டும்.
* குறிகளை நேராக வைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திருப்பவே கூடாது.
* கேமரா திரையில் எஃப் எண் தெரிகிறதா, அதை மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.
* பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என ஆட்டோ ஃபோகஸில் படம் எடுக்க வேண்டும்.
* எடுத்த படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குபவர்கள், லென்ஸின் பின்பக்க போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் அனுப்புவதே பாதுகாப்பு.