கடத்தல்காரர்களைப் பிடிக்கப் பிறந்த பாதை!

630 மைல் தூரம் கடலோரமாகவே நடந்து போகலாம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் ஒரு காலத்தில் கள்ளக் கடத்தல் மும்முரமாக நடந்தது. பிராந்தி, தேயிலை, புகையிலை எல்லாம் சுங்க வரி கட்டாமல், இரவோடு இரவாகக் கரை இறங்கின.

இதைத் தடுக்க 1822-ம் ஆண்டில் கடலோரக் காவல் படை அமைக்கப்பட்டது. காவலர்கள் கால்நடையாகவே ரோந்து சுற்றினார்கள். ஒவ்வொரு பாறை இடுக்கையும் எட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் அவர்கள் நடந்த தடம் கடலை ஒட்டியே சென்றது.

அந்தத் தடம்தான் இன்று "தென்மேற்குக் கடலோரப் பாதை"! மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, பூல் துறைமுக வாயிலில் முடிகிறது. நீளம் 630 மைல்.

நகருக்குள் நுழைகிறது

வழியில் உள்ள பெரிய நகரம் பிளைமவுத். இது பழைய துறைமுகம். கடற்படைத் தளமும் இங்கே இருக்கிறது.

கிழக்கேயிருந்து நடந்து வருபவர்கள் முதலில் காண்பது "மேபிளவர் படிகள்". 1620-ம் ஆண்டில் "மேபிளவர்" என்ற கப்பல் 102 பயணிகளுடன் இந்த ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், முதல் குளிர்காலத்திலேயே நோயால் மாண்டுபோனார்கள்.

இடம் மாறிய கலங்கரை விளக்கம்

சற்றுத் தூரம் போனால் "ஹோ" என்ற பெரிய மேடு. அதன்மீது சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் கதை விசித்திரமானது.

பிளைமவுத்திலிருந்து சுமார் 14 மைல் தொலைவில், கடலுக்குள் எடிஸ்டோன் என்ற பாறை இருக்கிறது. அதில் மோதி உடைந்த கப்பல்கள் பல.

வின்ஸ்டன்லி என்பவர் 1698-ல் அங்கே முதல் விளக்கைக் கட்டினார். 1703-ல் பெரும்புயல் வீசியது. அப்போது அவர் விளக்கிலேயே தங்கியிருந்தார். விடிந்து பார்த்தால் விளக்கும் இல்லை, அவரும் இல்லை!

அடுத்த விளக்கு மரத்தால் ஆனது. 1755-ல் அது தீப்பற்றி எரிந்தது.

மூன்றாவது விளக்கை ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759-ல் கட்டி முடித்தார். "ஓக் மரம் அடி பருத்து இருப்பதால்தான் புயலுக்குச் சாய்வதில்லை" என்பது அவர் எண்ணம். அதே வடிவில் கோபுரத்தை எழுப்பினார். தச்சர்கள் மரத்தைப் பொருத்துவதுபோல, கருங்கற்களை ஒன்றோடொன்று கோத்துப் பூட்டினார்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கோபுரம் அசையவில்லை. ஆனால், அடியில் இருந்த பாறையை அலை அரித்துவிட்டது! ஆகவே 1882-ல் பக்கத்திலேயே புது விளக்கு கட்டப்பட்டது.

பழைய கோபுரத்தைக் கைவிட ஊர் மக்களுக்கு மனம் வரவில்லை. நிதி திரட்டினார்கள். கோபுரத்தின் மேல்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து, கரைக்குக் கொண்டுவந்து, மேட்டில் நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்னும் கடல் பாறையிலேயே நிற்கிறது.

கடலே கல்லறை

அதே மேட்டில் கடற்படை நினைவுச் சின்னமும் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் கடலில் மறைந்த 23 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுக்கு வேறு கல்லறை இல்லை. குடும்பத்தினர் பூ வைக்க வேண்டுமானால், இங்கேதான் வரவேண்டும்.

மேட்டைக் கடந்த பாதை டாமர் நதியின் முகத்துவாரத்தை அடைகிறது. அங்கே பாலம் இல்லை, படகுதான். அக்கரையில் இறங்கினால், பாதை மீண்டும் கடலோரமாகவே தொடர்கிறது.