கள்ளிச் செடிகளுக்கு ஏற்ற வெளிச்சம்

எவ்வளவு வெயிலையும் கள்ளி தாங்கும் என்பது ஜனங்களிடையே பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்தது சப்பாத்திக்கள்ளியே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சிக்கு உணவாகும்பொருட்டு டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் சைதாப்பேட்டையில் அவ்வினச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்தார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. சப்பாத்திக்கள்ளியோ வேலியாகவும் களையாகவும் சென்னை ராஜதானியில் பல இடங்களிலும் பெருகி, 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி தருவிக்கப்பட்ட பின்னரே அடங்கிற்று. நிழலற்ற பொட்டலில் தழைக்கும் அச்செடியைக் கண்டு பழகியவர்கள், கடையில் வாங்கிய சிறு தொட்டிக் கள்ளியையும் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்துக் கருக விடுகின்றனர். வேறு சிலர் அலங்காரமாக அறை மூலையில் வைத்து, ஒளியின்றி மெலிய விடுகின்றனர்.

மற்றச் செடிகளுக்கு மாறாக, கள்ளி பகலில் தன் நுண்துவாரங்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கிறது. அதனை அமிலமாகச் சேமித்து, மறுநாள் ஒளியின் துணைகொண்டு உணவாக்குகிறது. ஒளி குறைந்தால் இவ்வேலை தடைப்படும். ஊற்றிய நீர் செலவாகாமல் வேர் அழுகும். உச்சிவேளையில் வெட்டவெளியில் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு உயர்கிறது. ஜன்னலைவிட்டு விலகிய அறை மூலையில் அது பெரும்பாலும் சில நூறே. மனிதர் கண் இரண்டிற்கும் விரைவில் பழகிவிடுவதால் இவ்வேற்றுமை புலப்படுவதில்லை. உருண்டைக் கள்ளியின் நுனி கூம்பி, வெளிறி, ஜன்னலை நோக்கிச் சாயுமாயின் ஒளி போதவில்லையென்று அறிக. அவ்வாறு நீண்டுபோன பாகம் பின்னர் எவ்வளவு வெயில் கண்டாலும் பழைய பருமனை அடையாது.

தெற்கு ஜன்னலே சிறந்ததென்று பல நூல்கள் கூறும். அவை ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மாதக் கடைசியிலும் ஆகஸ்டு மாத நடுவிலும் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேராக வருகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நாள் முழுதும் வடபுறமாகவே செல்வதால், தெற்குச் சுவரில் நேர்வெயில் படுவதே இல்லை. மார்கழியிலோ உச்சிவேளையிலும் தென்புறம் சாய்ந்து நிற்பதால், தெற்கு ஜன்னலுக்கு நல்ல வெயில் கிடைக்கும். ஆகையால் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் வைக்க விரும்புவோர் கிழக்கு ஜன்னலையே தேடுதல் நலம். காலை வெயில் ஒளி மிகுந்தது. பிற்பகல் வெயிலைப்போல் சுடுவதன்று.

ராயபுரத்தின் குறுகிய சந்துகளில் கிழக்கு ஜன்னல் இருந்தும் எதிர்வீட்டுச் சுவர் மறைப்பதுண்டு. திசையைக் கேட்பதைவிட, தொட்டி இருக்கும் உயரத்தில் தலையைத் தாழ்த்தி, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறதென்று பார்ப்பதே மேல். வானமே தெரியாத இடத்தில் கள்ளி வளராது. அத்தகைய வீட்டில் வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு ஓரடி உயரத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடலாம். இரவில் அணைத்துவிட வேண்டும். இருளும் கள்ளிக்கு அவசியம். ஜன்னலோரத் தொட்டியை வாரந்தோறும் சிறிது திருப்பி வைக்க வேண்டும்.

வீட்டினுள் இருந்த செடியை ஒரே நாளில் மாடிக்குக் கொண்டுபோவதே பெருந்தவறு. வெயில் பட்ட பக்கம் வெளுத்து, பின்பு தக்கைபோல் பழுப்பாகும். அத்தழும்பு மாறுவதில்லை. முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், பின்பு இரண்டு, மூன்று என மூன்று வாரங்களில் பழக்குதல் வேண்டும். கோடையில் நண்பகலுக்குப்பின் நிழல்வலையோ தென்னங்கீற்றோ தேவை. தளத்தின் சூடு வேரைத் தாக்காதிருக்கத் தொட்டியின்கீழ் செங்கல் வைக்கலாம். திருவொற்றியூரில் மாடியில் பழத்திற்காக டிராகன் கொடி வளர்க்க எண்ணுவோர் இதைச் சிறப்பாகக் கவனிப்பாராக. அதுவும் கள்ளி இனமே. பண்ணைகளிற்கூடக் கோடையில் அதன் தண்டு மஞ்சளித்து வெந்துபோவதுண்டு.

எண்ணூர், மணலி வட்டாரங்களில் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிலக்கரிச் சாம்பலும் தண்டின்மேல் படிந்து ஒளியை மறைக்கின்றன. நல்ல நீரைத் தெளித்து அவ்வப்போது கழுவுதல் போதும். துணியால் தேய்க்கலாகாது, சில வகைகளின்மேல் உள்ள வெண்ணிற மெழுகுப் பூச்சு அவற்றுக்கு இயற்கை அளித்த குடை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒளியும் குறையும், ஈரமும் மிகும். அப்போது தொட்டிகளை ஒளி புகும் கூரையின்கீழ் வைத்து, நீரைப் பெரிதும் குறைக்க வேண்டும்.

பிரம்ம கமலம் என்றும் நிஷாகந்தி என்றும் வழங்கும் இரவுப்பூச் செடியும் கள்ளிக் குடும்பத்ததே. ஆயினும் அது அமெரிக்கக் காடுகளில் மரத்தின்மேல் தொற்றி வளர்வது. ஆகையால் மரநிழலை ஒத்த வடிகட்டிய ஒளியே அதற்கு ஏற்றது. பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டி விற்கப்படும் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளுக்கு உணவு தயாரிக்கும் பச்சையம் கிடையாது. கீழுள்ள தண்டே அவற்றைப் போஷிக்கிறது. ஆதலின் தண்டுக்கு ஒளி வேண்டும். உருண்டையின்மேல் உச்சிவெயில் படலாகாது.