பலெர்மோத் தமிழரின் பெர்மெசோ: எந்த வகை, எவ்வளவு காலம், எப்போது புதுப்பிப்பது?

பலெர்மோ நகரின் கடலோரப் பழைய பகுதி கால்சா. பத்தாம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர் கட்டிய கோட்டை நகர் அது. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சிதைந்து, பல பத்தாண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தது. இன்று கால்சாவிலும் அதையொட்டிய பழைய நகரத் தெருக்களிலும் வங்காளிகள், கானா நாட்டவர், மொறோக்கோ நாட்டவர், ஈழத்தமிழர் எனப் பல நாட்டு மக்களைக் காணலாம். இவர்களுடைய வாழ்க்கையில் பெரும் பகுதியைத் தீர்மானிப்பது ஒரு சிறிய அட்டை. ‘பெர்மெசோ தி சொஜோர்னோ’ எனப்படும் வதிவிட அனுமதி அது. வேலை, வாடகை வீடு, குடும்ப மருத்துவர், ஊருக்குப் போய் வருவது எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

முடிவுத் திகதி நெருங்கும்போது மட்டுமே பலர் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் எழுதியிருக்கும் வகை என்ன, அந்த வகையிலிருந்து அடுத்து எதற்கு மாறலாம் என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் நீண்டகால அனுமதிக்குத் தகுதி வந்த பின்பும் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு அட்டைகளையே மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்க நேர்கிறது. இந்த நிலை மாறவேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

அகதியாக வந்தவர் தொழிலாளியாகப் பதிவானார்

1983 யூலை வன்முறைக்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர் பலர் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் அகதித் தஞ்சம் கேட்டனர். இத்தாலியில் அந்தக் கதவு மூடியிருந்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இத்தாலி கையெழுத்திட்டிருந்தபோதும், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே அகதிகளாக ஏற்பது என்ற வரம்பை வைத்திருந்தது. 1990 பெப்ரவரியில் நிறைவேறிய மார்த்தெல்லி சட்டம்தான் அந்த வரம்பை நீக்கியது.

அதற்கு முன் வந்தவர்களுக்குக் கிடைத்த வழி பொதுமன்னிப்பு. அனுமதியின்றி வேலை செய்பவர்களைப் பதிந்து சட்டபூர்வமாக்கும் நடவடிக்கை முதலில் 1986ஆம் ஆண்டின் 943ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. பிறகு 1990, 1995, 1998, 2002, 2009, 2012, 2020 என அது திரும்பத் திரும்ப வந்தது. 2020இல் ஏறத்தாழ 207,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் சுமார் 85 வீதம் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு வேலை தொடர்பானவை.

போரிலிருந்து தப்பி வந்த மனிதர் அரச பதிவேட்டில் வீட்டுப் பணியாளராக இடம்பெற்றார். அவர் இங்கே வாழும் உரிமை, வேலை கொடுப்பவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தோடு பிணைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் பொஸ்ஸி-ஃபீனி சட்டம் அந்தப் பிணைப்பை இன்னும் இறுக்கியது. பலெர்மோவில் பெர்மெசோ என்றதும் ‘கொந்த்ராத்தோ’ எனப்படும் வேலை ஒப்பந்தம் பற்றிய கேள்வி எழுவது இதனால்தான்.

முக்கிய வகைகள்

குடிவரவு பற்றிய அடிப்படைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கச் சட்ட ஆணை. அதன்படி வேலைக்கான அனுமதியின் காலம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விவசாயம், சுற்றுலா போன்ற பருவகால வேலைக்கு அதிகபட்சம் 9 மாதம். முடிவுத் திகதி குறித்த ஒப்பந்தத்துக்கு ஓராண்டு வரை. முடிவுத் திகதி இல்லாத நிரந்தர ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டு வரை. சொந்தத் தொழிலுக்கும் இரண்டு ஆண்டு வரை. 2023இல் வந்த மாற்றத்தின்படி நிரந்தர ஒப்பந்தம், சொந்தத் தொழில், குடும்பம் ஆகிய மூன்று வகைகளையும் புதுப்பிக்கும்போது மூன்று ஆண்டு வரை கொடுக்கலாம்.

குடும்ப அனுமதி வைத்திருப்பவர் வேலை செய்யலாம். அதற்காக அட்டையை வேலை வகைக்கு மாற்றத் தேவையில்லை. கணவரின் பெயரில் வந்த மனைவிக்கு வேலை உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். படிப்பு அனுமதியில் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம். படிப்பு அனுமதியை வேலை அனுமதியாக மாற்றுவதற்கு 2023 முதல் ஆண்டு ஒதுக்கீடு தடையாக இல்லை.

அகதி நிலையும் துணைப் பாதுகாப்பும் பெற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு அனுமதி கிடைக்கும். தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர், விண்ணப்பித்து 60 நாள் கழிந்தபின் வேலை செய்யலாம். ஆனால் 2024 மே மாதத்தில் இத்தாலி தனது ‘பாதுகாப்பான நாடுகள்’ பட்டியலில் இலங்கையையும் சேர்த்தது. அதனால் இலங்கையர் விண்ணப்பங்களை விரைவு நடைமுறையில் விசாரித்து நிராகரிப்பது எளிதாகிவிட்டது. தஞ்சம் கேட்க எண்ணுபவர் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கண்டு பேசுவது நல்லது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான வழி, அரசு ஆண்டுவாரியாக எண்ணிக்கை குறித்து வெளியிடும் ‘தெக்ரேத்தோ ஃபுளூசி’ ஆணை. 2023 முதல் 2025 வரையான மூன்று ஆண்டுகளுக்கு அது குறித்த மொத்த எண்ணிக்கை 452,000. ஆனால் போலி ஆவணங்கள் கூடுதலாக வருவதாகக் கூறி, 2024 ஒக்ரோபரில் வந்த அவசர ஆணை இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் முதலிய நாட்டவரின் அனுமதிகளைக் கூடுதல் சோதனை முடியும்வரை நிறுத்திவைத்தது. இந்த வழியில் ‘இடம்’ வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் முகவரிடம் யாழ்ப்பாணத்துக் காணியை விற்றுக் கொடுக்கும் குடும்பங்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் இத்தாலியில் உள்ள உண்மையான வேலைகொடுப்பவர். இடத்தை விற்கும் உரிமை எவருக்கும் இல்லை.

புதுப்பிப்பது எப்படி?

அட்டை முடிவதற்குக் குறைந்தது 60 நாளுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது சட்டம். தபாலகத்தில் ‘ஸ்போர்த்தெல்லோ அமீக்கோ’ என்ற பிரிவில் இலவசமாகக் கிடைக்கும் உறைக்குள் படிவங்கள் இருக்கும். கடவுச்சீட்டின் பிரதி, பழைய பெர்மெசோவின் பிரதி, ஒப்பந்தம், வருமானச் சான்று ஆகியவற்றை அதில் வைத்துத் தபாலகத்திலேயே கொடுக்கவேண்டும். படிவத்தை நிரப்ப முகவருக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. சீஜீல் தொழிற்சங்கத்தின் இன்கா, சீஸ்ல் தொழிற்சங்கத்தின் இனாஸ், கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பான ஆக்லி போன்ற ‘பத்ரோனாத்தோ’ அலுவலகங்கள் அந்த உதவியைச் செய்கின்றன.

செலவுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு அட்டையின் காலத்தைப் பொறுத்து 80, 100, 200 யூரோ எனக் கட்டணம் வாங்கினார்கள். இன்காவும் சீஜீலும் தொடுத்த வழக்கில், அது அளவுக்கு மீறிய கட்டணம் என்று 2015 செப்ரெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் கட்டணம் 40, 50, 100 யூரோவாகக் குறைந்தது. இதோடு அட்டைக்கு 30.46 யூரோ, முத்திரைக்கு 16 யூரோ, தபாலகச் சேவைக்கு 30 யூரோ சேரும். ஓராண்டு வரையான அனுமதிக்கு மொத்தம் 116.46 யூரோ. இரண்டு ஆண்டு வரையானதற்கு 126.46 யூரோ. நீண்டகால அனுமதிக்கு 176.46 யூரோ.

தபாலகம் தரும் பற்றுச்சீட்டில், ‘குவெஸ்தூரா’ எனப்படும் பொலிஸ் தலைமை அலுவலகத்துக்குக் கைரேகை கொடுக்கச் செல்லவேண்டிய நாளும் நேரமும் இருக்கும். அந்த நாளைத் தவறவிடக்கூடாது. அட்டையை 60 நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல மாதங்கள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் பற்றுச்சீட்டே அனுமதி. அதை வைத்து வேலையைத் தொடரலாம், புதிய வேலையிலும் சேரலாம். ‘அட்டை வந்தபின் வா’ என்று வேலைகொடுப்பவர் சொன்னால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று எடுத்துக்காட்டலாம்.

பற்றுச்சீட்டோடு ஊருக்குப் போகலாம். ஆனால் வழியில் வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கக்கூடாது. பாரிஸ், பிராங்ஃபர்ட் வழியாகப் பயணச்சீட்டு எடுத்தால் சிக்கல். முடிந்துபோன அட்டையையும் கடவுச்சீட்டையும் பற்றுச்சீட்டையும் சேர்த்தே கொண்டுபோகவேண்டும்.

அட்டை முடிந்து 60 நாள் கடந்தும் விண்ணப்பிக்காமல் இருந்தால் நாடுகடத்தும் ஆணை வரலாம். தாமதமாகிவிட்டது என்று அஞ்சி வீட்டில் இருந்துவிடக்கூடாது. தாமதமான விண்ணப்பத்தை அந்தக் காரணத்துக்காக மட்டும் தானாகவே தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே கூறியிருக்கிறது. நிராகரிக்கப் போவதாக முன்னறிவித்தல் வந்தால் பதில் கொடுக்க 10 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கடிதம் வந்த அன்றே பத்ரோனாத்தோவுக்கோ சட்டத்தரணியிடமோ போகவேண்டும்.

அனுமதி எங்கே சறுக்குகிறது?

முதலாவது, எழுதப்பட்ட வேலைநேரம். ஐந்து வீடுகளில் வேலை செய்பவருக்கு ஒரு வீட்டில் மட்டுமே ஒப்பந்தம் இருக்கும். வாரம் 30 மணிநேரம் உழைப்பவருக்கு 10 மணிநேரம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். புதுப்பிக்கும்போது குவெஸ்தூரா பார்ப்பது எழுதப்பட்ட வருமானத்தை மட்டுமே. அளவுகோல் அரசின் ஆண்டுச் சமூக உதவித்தொகை. 2025இல் அது 7,002.97 யூரோ. மனைவி, பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அதில் பாதி கூடும். வேலைநேரத்தைக் குறைத்து எழுதுவது வேலைகொடுப்பவருக்கு ஆதாயம். அதன் விலையைக் கொடுப்பது தொழிலாளியின் குடும்பம்.

வேலைகொடுப்பவர் வேலை தொடங்குவதற்கு முன் இன்ப்ஸ் எனப்படும் சமூகக் காப்பு நிறுவனத்தில் பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்களிப்புக் கட்டவேண்டும். கட்டினாரா என்பதைத் தொழிலாளி தனது ‘ஸ்பிட்’ எனப்படும் மின்னியல் அடையாளக் கணக்கின் மூலம் தானே பார்க்கலாம். ஆண்டு இறுதியில் பார்க்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே பாதுகாப்பு. வீட்டு வேலையில் வேலைகொடுப்பவர் வருமான வரியைப் பிடித்துக் கட்டுவதில்லை என்பதும் முக்கியம். விலக்கு வரம்பைத் தாண்டியவர் தாமே வரி அறிக்கை கொடுக்கவேண்டும். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது அந்த அறிக்கைகளைத் தேடுவார்கள்.

இரண்டாவது, ஊரில் தங்கும் காலம். தாயின் நோய், பிள்ளையின் திருமணம் என்று போனவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அனுமதியைப் புதுப்பிக்க மறுக்கலாம். இரண்டு ஆண்டு அட்டை என்றால் அதன் காலத்தில் பாதிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. கடுமையான காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதற்கு மருத்துவச் சான்று போன்ற எழுத்துச் சான்று வேண்டும்.

மூன்றாவது, வேலை போகும் நேரம். வேலை போனவுடன் அனுமதி போய்விடாது. வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்துகொண்டால், வேலை தேடுவதற்கான ‘அத்தேசா ஒக்குபாட்சியோனே’ அனுமதி குறைந்தது ஓராண்டுக்குக் கிடைக்கும். 2012க்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது. பராமரித்த முதியவர் இறந்துவிட்டதால் ஒரே நாளில் வேலை இழக்கும் நம் பெண்களுக்கு இந்த ஓராண்டு பெரிய ஆறுதல். அவர்கள் அறிந்திருக்கவேண்டிய முதல் உரிமை இது.

ஐந்து ஆண்டுக்குப் பின்

சட்டபூர்வமாக ஐந்து ஆண்டு வாழ்ந்தவர், மேலே சொன்ன வருமானமும் ஏ2 நிலை இத்தாலிய மொழிச் சான்றும் இருந்தால், நீண்டகால ஐரோப்பிய அனுமதி கேட்கலாம். வயதுவந்தோருக்கு அந்த அட்டையின் காலம் 10 ஆண்டு. அதைவிடப் பெரிய நன்மை, அந்த உரிமைக்கு முடிவுத் திகதி இல்லை என்பது. பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவது அட்டை மட்டுமே. வேலை போனாலும் உரிமை போகாது. தொடர்ந்து 12 மாதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் அது பறிபோகும். அதில் கவனம் வேண்டும்.

பலரைத் தடுத்து நிறுத்துவது மொழிச் சான்று. காலை முதல் இரவு வரை வீடு வீடாக வேலை செய்பவருக்கு வகுப்புக்குப் போக நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் வளர்ந்தோருக்கான அரச பள்ளிகளில் ஏ2 சான்று பெறலாம். பலெர்மோப் பல்கலைக்கழகத்தின் இத்தாஸ்த்ரா பள்ளியும் வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழி கற்பிக்கிறது. ஒருமுறை பெறும் அந்தச் சான்று, ஒப்பந்தத்தை நம்பியிருக்கும் நிலையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் விடுதலை தரும்.

குடியுரிமைக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு வதிவு தேவை. அதை ஐந்தாகக் குறைக்கும் வாக்கெடுப்பு 2025 யூன் 8, 9 திகதிகளில் நடந்தது. வாக்களித்தோர் பாதிக்கும் குறைவாக இருந்ததால் அது செல்லாமல் போயிற்று. இத்தாலியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 18 வயது நிறைந்தபின் 19 வயதுக்குள் அறிவித்துக் குடியுரிமை பெறலாம். அந்த ஓராண்டுக் காலத்தைப் பெற்றோர் குறித்து வைக்கவேண்டும். பிறந்த நாளிலிருந்து பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

நகரம் கேட்டதும் நாம் செய்யவேண்டியதும்

2015இல் பலெர்மோ நகரசபை, மேயர் லெயொலூக்கா ஒர்லாந்தோ காலத்தில், ‘பலெர்மோ சாசனம்’ வெளியிட்டது. இடம்பெயர்வது மனித உரிமை, பெர்மெசோ முறையையே ஒழிக்கவேண்டும் என்று அது கேட்டது. 2019இல் தஞ்சம் கோருவோரை வதிவுப் பதிவேட்டிலிருந்து விலக்கும் அரச ஆணையைச் செயற்படுத்த ஒர்லாந்தோ மறுத்தார். அடுத்த ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியையே நீக்கியது. ஒரு நகரம் தன் மக்களுக்காக எடுத்த நிலைக்கு அந்தத் தீர்ப்பு வலுச் சேர்த்தது.

ஆனால் பெர்மெசோவைக் கொடுப்பது நகரசபை அல்ல, நாட்டின் உள்துறை அமைச்சு. சாசனம் கேட்ட மாற்றம் வரும்வரை நமக்குள்ள பாதுகாப்பு, எழுத்தில் உள்ள உண்மையும் நேரத்தில் போடும் விண்ணப்பமும்தான். உழைத்த மணிநேரம் முழுவதையும் ஒப்பந்தத்தில் எழுதக் கேட்பது தொழிலாளியின் உரிமை. எழுதிக் கொடுப்பது வேலைகொடுப்பவரின் கடமை. ஐந்து ஆண்டு நிறைந்தவர் அடுத்தமுறை பத்ரோனாத்தோவில் அமரும்போது ‘புதுப்பிக்க வந்தேன்’ என்பதோடு நிறுத்தாமல், ‘நீண்டகால அனுமதிக்கு எனக்கு இன்னும் என்ன குறை?’ என்று கேட்கவேண்டும். கோவில் நிர்வாகங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் மக்களின் அட்டைகளைப் பார்த்து, யாருக்குத் தகுதி வந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தால், பல குடும்பங்கள் இன்னொரு மூன்று ஆண்டு அச்சத்தில் வாழவேண்டிய தேவை இராது.