ரிப்போர்ட்டில் ஒரு எண் கூடியிருந்தால்

நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் சிலர், ஒரே ஒரு லேப் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டுப் பேச முடியாமல் உட்கார்ந்து விடுகிறார்கள். அண்மையில் வந்த சகோதரி ஒருவர், முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சி.ஏ.125 பார்த்திருந்தார். 35க்குள் இருக்க வேண்டியது 62. செல்போனில் தேடியபோது சினைப்பைப் புற்றுநோய் என்று வந்ததாம். மூன்று நாள் தூக்கமில்லை; வீட்டில் சொல்லவும் இல்லை. பெண் மருத்துவரிடம் அனுப்பினோம். ஸ்கேனில் தெரிந்தது கர்ப்பப்பையில் சாதாரண நார்க்கட்டி.

'ட்யூமர் மார்க்கர்' எனப்படுபவை பெரும்பாலும் நம் உடம்பில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் புரதங்கள். புற்றுநோய் இருந்தால் கூடலாம். வேறு காரணங்களாலும் கூடும். சி.ஏ.125 மாதவிடாயின்போதும் கர்ப்பத்திலும் கூடும். வயிற்றுக் காசநோயில் பல நூறைத் தொடுவதும் உண்டு. ஆண்களுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ., வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். புகைப்பவர்களுக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

பயந்து ஓடி வருபவர்களைவிட, 'நார்மல்' என்று நிம்மதியாக இருந்து விடுபவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி.ஏ.125 கூடுவதே இல்லை. மலத்தில் ரத்தம் போகிறது, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் ரத்தப் பரிசோதனை என்ன சொன்னாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயை உறுதி செய்வது பெரும்பாலும் பயாப்ஸி எனும் சதைப் பரிசோதனைதான்.

அப்படியானால் இந்தப் பரிசோதனைகள் எதற்கு? நோய் உறுதியானவருக்கு மிகவும் பயன்படும். சிகிச்சையில் எண் இறங்குகிறதா, பிறகு மீண்டும் ஏறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஒரே எண்ணைவிட அதன் போக்குதான் முக்கியம். முடிந்தவரை ஒரே லேபில் பார்ப்பது நல்லது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுடன் ஏ.எஃப்.பி.யும் பார்ப்பதுண்டு.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் பேக்கேஜில் சேர்ந்திருக்கிறது என்பதற்காக இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நம் பெண்கள் கூச்சத்தால் தள்ளிப் போடுவது இவற்றைத்தான். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஏற்கெனவே ரிப்போர்ட் கையில் வைத்துக் கலங்குபவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து எடுத்து வாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம்; துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்களில் ஒருவர் உடன் வருவோம், இன்ஷா அல்லாஹ்.